நிற்பதற்கு ஒரு சாக்கு

போனை மறந்து வைத்துவிட்டு வரவில்லை துளசிமணி. வேண்டுமென்றேதான் வைத்துவிட்டு வந்தாள், ஃப்ரிட்ஜ் மேல், சார்ஜ் ஒயரில் மாட்டி, முகத்தைக் கவிழ்த்து. யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலும் தயாராக இருந்தது: அவசரத்துல மறந்துபோட்டேன். அந்தக் குடும்பத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் சாக்குக்கு மட்டும் பஞ்சம் வந்ததில்லை. மார்க்கெட்டில் தக்காளிக்காரியிடம் வாதாடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்து, எடுத்துக் காதில் வைத்து, மகன் பூபதி "அம்மா" என்று ஒரு தினுசாக இழுத்தானென்றால் அந்த இடத்திலேயே தக்காளிக் கூடைமேல் உட்கார்ந்துவிடுவாள். தக்காளி நசுங்கும், சனம் சிரிக்கும், இத்தனைக்கும் நடுவில் அவன் சொன்ன சேதி காதில் விழாமலே போகும். எதற்கு வம்பு என்றுதான் வைத்துவிட்டு வந்தாள். இப்போது ஹவுசிங் யூனிட்டின் படிக்கட்டடியில், ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் நாவல்பழப் பொட்டலம், ஆடிக் காற்று முந்தானையைப் பிடித்துக் குழந்தை மாதிரி இழுக்க, அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் என்பது இந்த யூனிட்டில் பேச்சுக்குக்கூடக் கிடையாது. மேலே வீட்டில் போன் இருக்கிறது, போனுக்குள் சேதி இருக்கிறது. அல்லது மகனும் மருமகளுமே திரும்பி வந்திருக்கலாம். ஆட்டோவில் போனார்கள், ஆட்டோ இறக்கிவிட்டுப் போயிருக்கும், அதனால் வாசலைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. நாவல்பழம் எதற்கு வாங்கினோம்? தாரணி கேட்கவில்லை. பூபதிக்குப் பிடிக்காது. வீட்டுக்காரருக்குத் தொண்டை கட்டும். கை நீட்டியது, காசு கொடுத்தது, வாங்கியாயிற்று. சில காரியங்களைக் கை தன் இஷ்டத்துக்குச் செய்துவிடுகிறது.

மருமகள் தாரணிக்கு இது ஐந்தாம் மாதம். வழக்கமான ஸ்கேன் எல்லாம் முடிந்தது, எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் டாக்டரம்மா, வாடிக்கையாக எல்லாரிடமும் கேட்கிற மாதிரி, ரெண்டு குடும்பத்திலும் யாருக்காவது பிறவியிலேயே இதயத்தில் குறை உண்டா என்று கேட்டிருக்கிறார். பூபதி, என் தங்கச்சிக்கு இருந்தது என்று சொல்லியிருக்கிறான். சொல்லாமல் இருக்க முடியுமா? கோகிலவாணி என்று ஒருத்தி இந்த வீட்டில் இருபத்தாறு வருஷம் இருந்தாள், இதயத்தில் ஒரு பாதி வளராமலே பிறந்தாள், சின்ன வயதிலேயே ரெண்டு தடவை நெஞ்சைத் திறந்து தைத்தார்கள், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் போய்விட்டாள் என்பதையெல்லாம் எந்த வாயால் மறைப்பது? மறைத்தால் அவளே வந்து "ஏண்ணா, என்ன பத்திக் கேட்டா சொல்ல மாட்டீங்களா" என்று தலையில் குட்டுவாள். அதனால்தான் இன்றைக்கு வயிற்றுப் பிள்ளையின் இதயத்தை மட்டும் தனியாகப் பார்க்கிற ஸ்கேன். துளசிமணியின் புருஷன் நாச்சிமுத்து, மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், காலையிலேயே பழைய கூட்டாளி ஒருத்தரைப் பார்க்கோணும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எந்தக் கூட்டாளி என்று அவள் கேட்கவில்லை. அவள் மார்க்கெட்டுக்குப் போவதை அவரும் கேட்கவில்லை. நேற்று வாங்கிய கத்தரிக்காயே இன்னும் கூடையில் கிடக்கிறது.

ஏறு துளசி, என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஏறினாள். வேகமாகத்தான் ஏறினாள். முதல் திருப்பத்தில் கால் தானாக நின்றது. மூச்சு வாங்கவில்லை, மூட்டு வலிக்கவில்லை, கால் நின்றுவிட்டது, அவ்வளவுதான். காய்கறிப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். அதுதான் அவளுடைய சாக்கு. இந்தத் திருப்பத்தில் அவள் கை மாற்ற வேண்டும், ரெண்டாவது திருப்பத்தில் பூபதி ஷூ லேஸைக் கட்ட வேண்டும், அதற்கடுத்த திருப்பத்தில் நாச்சிமுத்துவின் செருப்பு வார் அறுந்துபோக வேண்டும். இதுதான் ஏற்பாடு. யாரும் உட்கார்ந்து பேசிச் செய்ததல்ல. கோகிக்கு ஏழு வயசிருக்கும், ஒருநாள் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு அவளுக்காக நின்றார்கள். "எனக்கோசரம் ஒருத்தரும் நிக்க வேண்டாம்" என்று கத்திவிட்டு வீம்புக்கு ஓடியது புள்ளை. ரெண்டாவது மாடியில் கத்தரிப்பூ நிறத்தில் சுருண்டு உட்கார்ந்துகொண்டது. அன்றையிலிருந்து அந்த வீட்டில் யாரும் கோகிக்காக நின்றதில்லை. நின்றதெல்லாம் பைக்காக, லேஸுக்காக, செருப்புக்காக. எல்லாரும் நிற்கிறபோது அவளும் நிற்பாள், போனால் போகிறதென்று உங்களுக்காகத்தான் நிற்கிறேன் என்கிற முகத்தோடு. ரெண்டாவது மாடி ஜமீலாவுக்கு இதை யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ஒருநாள் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து படிக்கட்டு மேடையில் போட்டாள். "ஊட்டுக்குள்ள எடம் பத்தல துளசி, இங்கெயே கெடக்கட்டும்." அவள் புருஷன் வெளிநாட்டில், வீட்டில் அவளும் அவள் மாமியாரும்தான், உள்ளே பந்தல் போட்டுக் கல்யாணமே நடத்தலாம். அந்த நாற்காலி இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. ஜமீலாவுக்கு இன்னும் எடம் பத்தவில்லை.

சரி, நின்றது போதும், ஏறு. ஏறினால் சேதி தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டும். அங்கேதான் வந்து முட்டுகிறது. நேற்றுச் சாயங்காலம் தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது தாரணி பின்னால் வந்து நின்றாள். நல்ல பெண். பேச்சில் குழைவு கிடையாது, கேட்கவேண்டியதை நேரே கேட்கும். "அத்தை, ஒருவேளை நம்ம கோகியாட்டவே இருந்துச்சுன்னா என்னுங்க பண்றது?" என்றாள். பூபதியிடம் கேட்டிருப்பாள், அவன் நீ என்ன சொல்றயோ அதுதான் என்றிருப்பான், நல்ல பிள்ளைகளெல்லாம் அப்படித்தான் சொல்வார்கள். தன்னைப் பெற்றவளிடமும் கேட்டிருப்பாள், அந்த அம்மா அழுதிருக்கும். கடைசியில் இவளிடம் வந்தாள். இவளுக்குத்தான் தெரியும், இவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று வந்தாள். துளசிமணி வாயைத் திறந்தாள். "தோசை கருகுது கண்ணு" என்றாள். தோசை கருகவில்லை. நன்றாக முறுகலாக, பொன்னிறமாக, உலகத்தில் எந்தக் குறையும் இல்லாத தோசையாகக் கல்லில் கிடந்தது. தாரணி அந்தத் தோசையைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். காலையில் ஆட்டோ ஏறும்போதுகூடத் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரத்தில் துளசிமணிக்குத் துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. நிற்பதற்குச் சாக்குச் சொல்லிப் பழகிய வாய். பதில் சொல்ல வேண்டிய இடத்திலும் அதே பழக்கம்.

என்ன சொல்வது? சொந்தபந்தமெல்லாம் சொல்லிவிட்டது, கேட்காமலே. "உங்களுக்குத் தெரியாத கஷ்டமாக்கா, இன்னொருக்கா அதே கஷ்டம் எதுக்கு" என்று போன வாரம் ஒறம்பரையாக வீட்டுக்கு வந்த சொந்தக்காரி ஒருத்தி போண்டாவைக் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். கஷ்டந்தான், யார் இல்லை என்றது? ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நாச்சிமுத்து மொட்டைத் தலையோடு நின்றது கஷ்டந்தான். நேர்ந்துகொண்டு மொட்டை போட்டிருந்தார். மயக்கம் தெளிந்த கோகி அவரைப் பார்த்து, "அப்பா, ஆபரேஷன் எனக்கா உங்களுக்கா" என்று கேட்டது. பார், கஷ்டத்தைத் தேடிப் போனால் இதுதான் வருகிறது. பள்ளிக்கூடத்தில் புதுசாக வந்த டீச்சர், உதடெல்லாம் நீலமாக இருக்கிறதே, நாவல்பழம் தின்றுவிட்டா வகுப்புக்கு வருகிறாய், போய்க் கழுவிக்கொண்டு வா என்று விரட்டியதும் கஷ்டந்தான். அதைக் கேட்டபோது துளசிமணிக்கு ரத்தம் கொதித்தது, சண்டைக்குப் போகிறேன் என்று கொண்டையை முடிந்துகொண்டு கிளம்பினாள். ஆனால் கோகி சமர்த்தாகப் போய்க் கழுவிக்கொண்டு, நீலம் அப்படியே இருக்கத் திரும்பி வந்து, "இது சாயம் போகாத கலருங்க டீச்சர், திருப்பூர்ல போட்டது" என்றாளாம். வகுப்பே உருண்டு சிரித்ததாம், பிறகு விஷயம் தெரிந்த டீச்சர் அழுதே விட்டாராம், இவள் போய் டீச்சரைத் தேற்றிவிட்டு வந்தாளாம். அன்றையிலிருந்து யார் உதட்டைப் பற்றிக் கேட்டாலும் நாவல்பழம்தான். மாசி மாதத்தில் ஏது நாவல்பழம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் எங்க ஊட்டு மரம் வருஷம் பூராக் காய்க்கும் என்பாள். மூன்றாவது மாடியில் மரம்.

கைப் பொட்டலத்தில் காகிதம் நனைந்து விரலெல்லாம் ஊதாவாகியிருந்தது. இதற்குத்தான் வாங்கினாயா துளசி? விரலை முகர்ந்து பார்த்தாள். ஊதா நகம். கோகியின் நகங்கள் இப்படித்தான் இருக்கும், நுனி உருண்டு, மழைக்கால வானம் மாதிரி ஒரு நிறத்தில். பாலீஷ் வேறு தனியாக எதுக்கும்மா, காசு மிச்சம் என்பாள். மெட்ராஸ் டாக்டர் ஒருதடவை காகிதத்தில் படம் போட்டு விளக்கினார், எல்லாருக்கும் இதயத்தில் நாலு அறை, மேலே ரெண்டு கீழே ரெண்டு, உங்கள் பெண்ணுக்குக் கீழே ஒன்றுதான் வேலை செய்கிறது, ரெண்டு பேர் வேலையையும் அதுவே பார்க்கிறது என்று. துளசிமணிக்கு அந்தப் படம் முழுக்கக் கண்ணீரில் கலங்கித் தெரிந்தது. கோகிக்குப் பதினாலு வயசு, எட்டிப் பார்த்துவிட்டு, "அப்படின்னா நம்ம ஊடு மாதிரியே, ஒரே ஹாலுக்குள்ள எல்லாரும் படுத்துக்கறோமே" என்றாள். பஸ்ஸில் வரும்போது பேரும் வைத்துவிட்டாள், ஹவுசிங் போர்டு இதயம். கூட்டம் ஜாஸ்தி, வாடகை கம்மி. கீழ்த்தளத்துக்காரர் பாவம் பார்த்து வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று தானாக வந்து கேட்டபோதும் அவள்தான் கூடாது என்றாள். கீழே போனால் மலை தெரியாது. ஜன்னலுக்கு நேர் மேற்கே மருதமலை தெரியும், சாயங்காலத்தில் விளக்குப் போட்டதும் படிகள் எறும்பு போன தடம் மாதிரி மினுங்கும், அதைப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. படி ஏறக் கூடாத பிள்ளைக்கு மூன்றாவது மாடியா என்று ஊர் பேசியது. நாச்சிமுத்து, செருப்புத் தேய்மானம் என்னுது, ஊருக்கென்ன என்று விட்டுவிட்டார்.

இரண்டாவது திருப்பம். ஷூ லேஸ் கட்ட ஆளில்லை, ஆனாலும் நின்றாள். கம்பி ஜன்னல் வழியாகக் காற்று ஒரு வீச்சு அடித்தது. மேலே பேச்சுக் குரல் கேட்கிறதா? மிக்ஸி சத்தம், அது ஜமீலா வீடு. நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்டது. கெட்டியான நெஞ்சு, நாலு அறையும் வைத்துக்கொண்டு இப்படி அடித்துக்கொள்கிறது, ஒரே அறையை வைத்துக்கொண்டு கோகி எவ்வளவு நிதானமாக இருந்தாள். கேஸ் ஏஜென்சியில் போன் எடுக்கிற வேலை, வீட்டிலிருந்தே. ஒரு வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்கும். சிலிண்டர் வரலை என்று சண்டைக்கு வருகிறவர்கள் இந்தப் பக்கம் மூச்சு வாங்குவதைக் கேட்டு, தங்களுக்காகத்தான் இந்தப் பெண் பெருமூச்சு விடுகிறது என்று இளகிப்போவார்கள். "நீ இத்தன வருத்தப்படாத அம்மிணி, நாங்க வெறகடுப்புல காச்சிக்கறோம்" என்று ஒரு பெரியவர் அவளைச் சமாதானப்படுத்தினாராம். ஏஜென்சியில் அவளுக்குத்தான் நல்ல பேர். முதல் சம்பளத்தில் அப்பாவுக்குச் செருப்பு வாங்கி வந்தாள். வார் இல்லாத செருப்பு, காலை உள்ளே விட்டுக்கொள்கிற மாதிரி, எந்த ஜென்மத்திலும் அறுந்துபோக முடியாத செருப்பு. கொடுத்துவிட்டு முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டாள். நாச்சிமுத்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்குது சாமி" என்று சொல்லி அதைப் பரணில் ஏற்றிவிட்டுப் பழைய செருப்பையே போட்டுக்கொண்டு நடந்தார். அறுந்துபோக முடியாத செருப்பை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

அதெல்லாம் மருதமலை நடந்ததற்குப் பிறகு. மருதமலையை நினைத்தால் இன்றைக்கும் துளசிமணிக்குச் சிரிப்பு முந்திக்கொண்டு வந்துவிடும், அன்றைக்கு உயிரே போய் வந்ததென்பது ஞாபகத்துக்கு வருவதற்குள். கோகிக்குப் பத்தொன்பது வயசு. தினமும் ஜன்னலில் பார்க்கிற மலை, ஒருதடவையாவது படி ஏறிப் போகோணும், பஸ்ஸில் போனால் சாமிக்கு நம்மளத் தெரியாது என்று ஒரே பிடிவாதம். டாக்டரைக் கேட்டதற்கு மெதுவா, நின்னு நின்னு என்றார். நிற்பதில் இந்தக் குடும்பத்தை மிஞ்ச ஆளுண்டா? விடியற்காலையில் கிளம்பினார்கள். அடிவாரத்தில் செருப்பைக் கழற்றி டோக்கன் போட்டுவிட்டுப் படியேறினார்கள். கொஞ்ச தூரத்தில் துளசிமணி பையைக் கை மாற்றினாள். இன்னும் கொஞ்ச தூரத்தில் பூபதி, கட்ட லேஸ் இல்லாததால், மலையைப் போட்டோ எடுத்தான். அப்புறம் ஒரு இடத்தில் கோகியின் உதடு கறுத்துக்கொண்டு வந்ததை முதலில் பார்த்தவர் நாச்சிமுத்து. பதறிப்போனார் மனுஷன். பதற்றத்தில் பழக்கம்தானே கைகொடுக்கும்? சட்டென்று குனிந்து, "சித்தெ நில்லுங்க எல்லாரும், செருப்பு வார் அறுந்துபோச்சு" என்றார். எல்லாரும் நின்றார்கள். எல்லாரும் அவர் காலைப் பார்த்தார்கள். வெறுங்கால். சுண்டுவிரலில் பழைய தழும்பு, அதன்மேல் கொஞ்சம் மண். அவரும் பார்த்துக்கொண்டே குனிந்தபடி இருந்தார், நிமிர வழியில்லாமல். "எங்கீங்கப்பா, காட்டுங்க பாக்கலாம்" என்றாள் கோகி. பிறகு படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். எப்படிப்பட்ட சிரிப்பு, மூச்சுக்கும் சிரிப்புக்கும் சண்டை வந்து ரெண்டும் ஒன்றையொன்று தள்ளுகிற சிரிப்பு. உதடு நீலம், நகம் நீலம், துளசிமணி அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு, உள்ளங்கைக்குள் அந்த ஒற்றை அறை தடதடவென்று ஓடுவதைத் தொட்டுக்கொண்டு, முருகா முருகா என்கிறாள். "பயப்படாதம்மா, இது சிரிப்பு" என்றது புள்ளை. மூச்சு நிலைக்கு வந்ததும் எல்லார் முகத்தையும் ஒருதரம் பார்த்தது. "எத்தன வருசமா இந்தச் செருப்பு அறுந்துட்டே இருக்குது? எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? உங்களுக்கெல்லாம் மூச்சு வாங்குமேன்னுதான் நானும் போனாப் போவுதுன்னு நின்னுட்டு இருந்தேன்."

உச்சிக்குப் போகவில்லை. பாதிப் படியில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து எலுமிச்சஞ்சோற்றைத் தின்றுவிட்டு இறங்கினார்கள். இங்கிருந்தே முருகன் நம்மளப் பாத்துட்டாரு, இனி அவரு வேணும்னா எறங்கி வரட்டும் என்றாள் கோகி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதற்கும் செருப்பு வார்தான். பரீட்சையில் பூபதிக்கு மார்க் குறைந்தால் செருப்பு வார். சாம்பாரில் உப்புக் கூடினால் செருப்பு வார். கடைசியில் ஒரு மழைக்காலத்துக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, தள்ளுவண்டியில் படுக்கவைத்து லிஃப்டுக்குள் ஏற்றினார்கள். மூன்று பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள், லிஃப்ட் சத்தமில்லாமல் மேலே போனது. ஆக்ஸிஜன் மூடிக்குள்ளிருந்து கோகி அப்பாவைக் கண்ணால் கூப்பிட்டாள். அவர் குனிந்தார். "இன்னிக்கு உங்க செருப்புக்கு லீவுங்கப்பா." அவ்வளவுதான் அவள் பேசினதில் துளசிமணி காதில் விழுந்த கடைசி முழு வாக்கியம். அன்றைக்கு அழுதாள், அதற்குப் பிறகு எத்தனையோ நாள் அழுதாள், மாடிப்படி ஏறும்போதெல்லாம் அழுதாள். பிறகு எப்போது என்று தெரியாமல் ஒருநாள் அதே படியில் அதே வாக்கியத்துக்குச் சிரித்தாள். தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றவளை ஜமீலா பார்த்துவிட்டுச் சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோகியாட்டவே இருந்தா என்னுங்க பண்றது. கோகியாட்டவே. அந்த வார்த்தை நேற்றிலிருந்து உள்ளே எங்கேயோ நெருஞ்சி முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. பயம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது கம்பி ஜன்னல் அருகே, விரல் ஊதாவாக நிற்கும்போது, அது முழுக்கப் பயமில்லை என்று தெரிந்தது. அதன் அடியில் இன்னொன்று இருந்தது. இருக்கட்டுமே என்று ஒன்று. வரட்டுமே, மறுபடியும் ஒரு நீல உதடு வந்து, சாயம் போகாத கலர் என்று சொல்லட்டுமே. துளசிமணி திடுக்கிட்டுப் போனாள். பெற்றவளா நீ, பேய், வயிற்றுப் பிள்ளைக்குக் குறையை வேண்டிக்கொள்கிறாயே என்று பொட்டலத்தோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நல்லபடியாக இருக்கோணும் முருகா, நாலு அறையும் இருக்கோணும், ஓடோணும், ஆடோணும். அதைத்தான் வேண்டுகிறேன், சத்தியமாக. ஆனால் இல்லாமல் போனால்? இல்லாமல் போனாலும்? பதில் அங்கேயேதான் இருந்திருக்கிறது, பரணில் ஏற்றிவைத்த செருப்பு மாதிரி. கஷ்டத்தை எடுத்து ஒரு பக்கமும் சிரிப்பை எடுத்து ஒரு பக்கமும் தராசில் வைக்கிற காரியமே இல்லை இது. ரெண்டும் ஒரே அறையில்தான் குடியிருந்தன, ஒன்றை மட்டும் காலி பண்ணச் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணுக்கு இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும். தோசை கருகுதாம், தோசை. ஸ்கேன் மேசையில் படுத்துக்கொண்டு, பதில் தெரியாமல், தனியாக, என்னவெல்லாம் நினைத்ததோ புள்ளை. துளசிமணி இப்போது நிஜமாகவே வேகமாக ஏறினாள். சிவப்பு நாற்காலியைத் தாண்டினாள். நாச்சிமுத்துவின் செருப்பு அறுகிற திருப்பத்தைத் தாண்டப் போனாள்.

மேலே படியில் தாரணி நின்றுகொண்டிருந்தாள். பின்னாலிருந்து வெளிச்சம் வந்ததால் முகம் தெரியவில்லை. ஒரு கை கைப்பிடிச் சுவரில், ஒரு கை வயிற்றில்.

"அத்தை, எத்தன வாட்டி போன் பண்ணுனோம், போனு இங்க அடிக்குது. இப்பத்தான் வந்தோமுங்க. அங்க..."

"இரு, சொல்லாத" என்றாள் துளசிமணி. பையைப் படியில் வைத்தாள். தக்காளி ஒன்று உருண்டு கீழே போனது, போகட்டும். "நீ ஒண்ணும் சொல்லாத சாமி. மொதல்ல நான் சொல்லிப்போடறேன். நேத்தே சொல்லியிருக்கோணும்."

"அத்தை..."

"கோகியாட்டவே இருந்தா என்ன பண்றதுன்னு கேட்டீல்ல? பெத்துக்கோ. கஷ்டந்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி, ஊசி, பயம், எல்லாம் உண்டு. ஆனா அந்த இருபத்தாறு வருசத்த மறுக்கா யாராச்சும் குடுத்தா, முடிவு இதுதான்னு சொல்லியே குடுத்தாலும், நான் ரெண்டு கையும் நீட்டி வாங்கிக்குவேன். முடிவு பண்றது நீயும் பூபதியும். நீங்க என்ன முடிவு பண்ணுனாலும் நான் உங்க பக்கந்தான். ஆனா என்னயக் காட்டி மட்டும் பயந்துக்காத. நான் சந்தோசமாத்தான் இருந்தேன். நிக்கோணும்னா நாம எல்லாருமா நின்னுக்கலாம்."

சொல்லி முடித்ததும்தான் தாரணி அழுகிறாள் என்பது தெரிந்தது. சரி, சேதி எதுவானாலும் சொன்னது சொன்னதுதான். தாரணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரெண்டு படி கீழே வந்தாள்.

"நாலு ரூமும் இருக்குதுங்க அத்தை" என்றாள். "டாக்டரம்மா ஒவ்வொண்ணாக் காட்டுனாங்க. கதவெல்லாம் நல்லாத் தொறந்து மூடுதாமுங்க. ஒரு கொறையும் இல்லைன்னு சொல்லிப்போட்டாங்க."

நாலு ரூம். தாரணி கோகியைப் பார்த்ததே இல்லை, கல்யாணம் கோகி போன பிறகுதான் நடந்தது, எல்லாம் பூபதி சொல்லிக் கேட்டதுதான். துளசிமணி நல்லது கண்ணு, நல்லது கண்ணு என்று ரெண்டு தடவை சொன்னாள். நாலு அறை, விசாலமான சொந்த வீடு. இந்தப் பிள்ளை படியில் நிற்காது, தடதடவென்று ஓடி ஏறும், கீழே நிற்கிற கிழங்களைப் பார்த்துக் கைகொட்டும், ஓடட்டும், என் ராசா ஓடட்டும், ராசாத்தி ஓடட்டும். இனி இந்தப் படிக்கட்டில் யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. அப்படி நினைத்ததும் சந்தோஷத்தின் நடுவில் ஒரு இடம் மட்டும் காற்றுப் போல வெறுமையாக இருந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது. உண்மையாகவே வாங்கியது. வேகமாக ஏறியதாலா, சேதி கேட்டதாலா, ஒரு படிகூட ஏற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மருமகள் முன்னால் இப்படி நிற்பதற்கு வெட்கமாக இருந்தது. பையைக் கை மாற்றலாமென்றால் பை கையில் இல்லை. முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி எதையோ செய்தாள்.

தாரணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மெதுவாக, படாதபாடு பட்டுக் குனிந்தாள்.

"சித்தெ நில்லுங்க அத்தை" என்றாள். "செருப்பு வார் அறுந்துபோச்சு."

துளசிமணி கீழே பார்த்தாள். சேதி சொல்ல அவசரமாக ஓடி வந்த பெண், வெறுங்கால். மாசமான கால் வீங்கி, மெட்டி விரலில் இறுகிப்போய் இருந்தது. அந்தக் காலைத்தான் தாரணி மும்முரமாகத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. துளசிமணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சும் சிரிப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வர, கண்ணில் தண்ணீர் கொட்ட, ஊதா விரலை நீட்டி மருமகளின் பாதத்தைப் பிடித்து மடிக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"எங்க கண்ணு" என்றாள், "காட்டு பாக்கலாம்."

"ஏம்மா, அங்கயே நின்னுட்டீங்க?" என்று மேலேயிருந்து பூபதி கேட்டான்.